குழந்தையின் மேனியில் சிவப்புக் கட்டி: எது தானே மறையும், எது காத்திருக்காது?



குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது மேனியில் ஒரு குறையும் இருக்காது. இரண்டு வாரம் கழித்துக் குளிப்பாட்டும்போது பார்த்தால், நெற்றியிலோ கையிலோ முதுகிலோ கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். "கொசுவாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவோம். அடுத்த வாரம் பார்த்தால் சுண்டைக்காய் அளவு. அதற்கும் அடுத்த வாரம் புளியங்கொட்டை அளவு. தொட்டால் மெத்தென்று இருக்கும். குழந்தை அழும்போது இன்னும் சிவந்து புடைக்கும்.

உடனே லயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "கிரகணத்தன்னிக்கு வெளியில வந்திருப்பே" என்பார் ஒருவர். "மாசமா இருந்தப்ப ஆசைப்பட்டதை வாங்கிக் கொடுக்கலே, அதான்" என்பார் இன்னொருவர். "புற்றுநோயா இருக்குமோ?" என்று ஒருவர் பயமுறுத்துவார். "என் பேரனுக்கும் இருந்திச்சு, தானாப் போயிடுச்சு, சும்மா விடு" என்று வேறொருவர் தைரியம் சொல்வார்.

இந்த நாலு பேச்சில் கடைசிப் பேச்சு பெரும்பாலும் சரியானது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தக் கட்டி தானாகவே சுருங்கிவிடும். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அப்படி விட்டுவிட முடியாது. சில இடங்களில் வரும் கட்டி கண் பார்வையைக் கெடுக்கும், மூச்சை அடைக்கும், புண்ணாகி வடுவாகும். அப்படிப்பட்ட குழந்தைக்கு வைத்தியம் செய்ய நல்ல காலம் முதல் சில வாரங்கள்தான். இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

இது என்ன கட்டி?

நம் உடம்பு முழுவதும் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் மிகச் சிறியவை தலைமுடியைவிட மெல்லியவை. அந்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்கும் உயிரணுக்கள் ஓர் இடத்தில் மட்டும் அளவுக்கு மீறிப் பெருகி, புதிய குழாய்களாகக் கட்டிக்கொண்டு திரளும். அதுதான் இந்தக் கட்டி. டாக்டர்கள் இதை ஹெமாஞ்சியோமா என்பார்கள். தோலின் மேலே வருவது செக்கச் சிவந்து, சொரசொரப்பாக, கேமரன் மலையில் விளைகிற ஸ்ட்ராபெர்ரிப் பழம் மாதிரி இருப்பதால், ஸ்ட்ராபெர்ரி மச்சம் என்றும் சொல்வதுண்டு. நம்மவர்கள் சிவப்பு மச்சம், இரத்த மரு என்கிறார்கள்.

இது புற்றுநோய் அல்ல. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் புற்றுநோய் போலப் பரவாது. தொற்று நோயும் அல்ல. ஆயாக் கொட்டகையில் பக்கத்து ஏணையில் கிடக்கும் குழந்தைக்கு ஒட்டாது. தாய்ப்பால் கொடுக்கத் தடை இல்லை. தடுப்பூசி போடவும் தடை இல்லை. கட்டி இருக்கும் இடத்தை விட்டு வேறு இடத்தில் போடுவார்கள்.

100 குழந்தைகளில் 4 அல்லது 5 பேருக்கு இது வருகிறது. அப்படியென்றால் இது அபூர்வமான வியாதி இல்லை. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு அதிகம். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, இரட்டைக் குழந்தை இவர்களுக்கும் கூடுதலாக வரும்.

தாய் எதையோ சாப்பிட்டதாலோ, சாப்பிடாததாலோ இது வருவதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பிள்ளை பெற்ற உடம்பு தேறுவதற்கு முன்பே அந்தத் தாயின் தலையில் இப்படி ஒரு பழியைச் சுமத்துவது பாவம். மாமியார்மார்களும் அக்கம்பக்கத்தாரும் இதை மனதில் வைக்க வேண்டும்.

வளரும் காலமும் சுருங்கும் காலமும்

இந்தக் கட்டிக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். எப்போது ஓட வேண்டும், எப்போது பொறுக்கலாம் என்பதும் விளங்கும்.

பிறக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சில குழந்தைகளுக்கு மட்டும் அந்த இடம் கொஞ்சம் வெளுத்தோ, இலேசாகச் சிவந்தோ இருக்கும். முதல் நாலு வாரத்துக்குள் புள்ளி தெரிய ஆரம்பிக்கும். அதன் பிறகு வளர்ச்சி மிகவும் வேகம். அதிலும் 5-ஆவது வாரத்திலிருந்து 8-ஆவது வாரம் வரை அதிவேகம். 3 மாதம் ஆகும்போது, கட்டி கடைசியில் எவ்வளவு பெரிதாகுமோ அதில் 80 விழுக்காடு வளர்ந்து முடிந்திருக்கும். பெரும்பாலானவை 5 மாதத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். தோலுக்கு அடியில் ஆழமாக இருப்பவை மட்டும் இன்னும் சில மாதம் வளரும்.

பிறகு கொஞ்ச காலம் அப்படியே நிற்கும். குழந்தைக்கு ஒரு வயது ஆகும் சமயத்தில் சுருங்கத் தொடங்கும். செக்கச் சிவப்பு மங்கி, நடுவில் சாம்பல் பூத்த மாதிரி நிறம் மாறும். தொட்டால் முன்னைவிட மென்மையாக இருக்கும். 4 வயதுக்குள் பெரும்பாலும் சுருங்கி முடிந்துவிடும். இப்படித் தானாகச் சுருங்குவதை, 1938-ஆம் ஆண்டிலேயே லிஸ்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் பல குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதி வைத்தார்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சுருங்கிவிட்டது என்றால் சுவடே இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. கட்டி பெரிதாக வளர்ந்திருந்தால், பிற்பாடு அந்த இடத்தில் தோல் தளர்ந்து தொங்கலாம்; மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரியலாம்; கொழுப்புச் சேர்ந்து மேடாக நிற்கலாம். முழங்கையிலோ தொடையிலோ இப்படி இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மூக்கு நுனியிலும் உதட்டிலும் இருந்தால் காலம் முழுவதும் தெரியும்.

ஆகவே "ஒரு வயசு ஆகட்டும், அப்புறம் காட்டலாம்" என்று சொல்லும் பழைய புத்திமதி இன்றைக்குப் பொருந்தாது. ஒரு வயதில் காட்டினால், வளர வேண்டியது எல்லாம் வளர்ந்து முடிந்திருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில், ஆபத்தான இடத்தில் இருக்கும் கட்டியை குழந்தைக்கு ஒரு மாதம் ஆகும்போதே நிபுணர் பார்க்க வேண்டும் என்று கூறியிருக்கிறது.

மாநிறக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

புத்தகங்களில் இருக்கும் படம் எல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகளின் படம். பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். நம் பிள்ளைகள் மாநிறம், கறுப்பு நிறம். தோலின் மேல் வரும் கட்டி நம் பிள்ளைகளுக்குக் கருஞ்சிவப்பாகத் தெரியும். ஆரம்பத்தில் சட்டென்று கண்ணில் படாது. தோலுக்கு அடியில் வருவது நீலம் பாரித்த வீக்கமாக இருக்கும், அல்லது நிறமே மாறாமல் வெறும் வீக்கமாக இருக்கும். இது ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

அதனால் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரலாலும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சாளரத்துப் பக்கம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தலைமுடிக்குள்ளே, காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், இடுப்புக்குக் கீழே எல்லாம் பார்க்க வேண்டும். குளிப்பாட்டும் பாட்டிமார்கள்தான் இதை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர்கள்.

எல்லா மச்சமும் இது அல்ல

பிறந்த குழந்தையின் தோலில் வேறு பல குறிகளும் இருக்கும். அவற்றைப் பார்த்து வீணாகக் கலங்க வேண்டாம்.

புட்டத்திலும் இடுப்பிலும் நீலமும் சாம்பலும் கலந்த திட்டு இருந்தால், அது மங்கோலியத் திட்டு என்று சொல்லப்படும் நிறத் திட்டு. மலாய், சீன, இந்தியக் குழந்தைகள் பலருக்கும் உண்டு. பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். யாரோ அடித்த தடம் என்று ஆயாம்மாவைச் சந்தேகிக்காதீர்கள்!

கண் இமையிலும், இரண்டு புருவத்துக்கு நடுவிலும், பிடரியிலும் இளஞ்சிவப்பாகத் தட்டையான திட்டு பிறக்கும்போதே இருந்தால் அதுவும் தொந்தரவு இல்லாதது. முகத்தில் உள்ளது ஓரிரண்டு வருடத்தில் மங்கும். பிடரியில் உள்ளது சிலருக்குக் கடைசி வரை இருக்கும், முடி மறைத்துவிடும்.

முகத்தில் ஒரு பக்கமாக, பிறக்கும்போதே தட்டையாக, கருஞ்சிவப்பாக ஒரு திட்டு இருந்து, அது வேகமாக வளராமல் குழந்தையோடு சேர்ந்தே வளர்ந்தால் அது வேறு வகை. சோவியத் யூனியனின் கடைசித் தலைவர் மிக்கைல் கோர்பச்சேவின் நெற்றியில் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்களே, அந்த வகை. அது இரத்தக் குழாய்கள் உருவாகும்போதே ஏற்பட்ட கோளாறு. தானாக மறையாது. நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் இருந்தால் கண்ணையும் மூளையையும் டாக்டர் சோதிக்க வேண்டும். வளர்ந்து சுருங்கும் கட்டி ஒரு வகை, மறையாத குழாய்க் கோளாறு இன்னொரு வகை என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்கள் மல்லிக்கன், குளோவாக்கி என்ற இருவர், ஆண்டு 1982. அதற்கு முன்பு டாக்டர்களே இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துக் குழம்பியது உண்டு.

கட்டி கல் மாதிரி இறுகி, கன்றிப்போன நிறத்தில் திடீரென்று வீங்கினால், அல்லது பிறக்கும்போதே பெரிய கட்டியாக இருந்தால், நாள் பார்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

காத்திருக்கக் கூடாத இடங்கள்

கீழே சொல்லும் பட்டியலை வெட்டி, குழந்தையின் கிளினிக் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

1. கண்ணைச் சுற்றி, இமை மேல்: கட்டி இமையை அழுத்தி மூடினாலோ, கண்விழியை அழுக்கினாலோ அந்தக் கண் பார்க்கக் கற்றுக்கொள்ளாது. பிறந்த குழந்தையின் கண் பார்த்துப் பார்த்துத்தான் பார்வை பழகுகிறது. சில வாரங்கள் மூடிக் கிடந்தாலே பார்வை நிரந்தரமாக மங்கிவிடக்கூடும்.

2. மூக்கு நுனி, உதடு, காது: சிறிய கட்டியே உருவத்தைக் கெடுத்துவிடும். உதட்டில் இருந்தால் புண்ணாகி, பால் குடிக்க முடியாமல் குழந்தை அழும்.

3. தாடி முளைக்கும் இடம்: தாடை, மோவாய், கீழுதடு, தொண்டையின் முன்பக்கம். இங்கே பரவலாக இருந்தால், உள்ளே மூச்சுக் குழாயிலும் ஒரு கட்டி இருக்கக்கூடும். மூச்சை இழுக்கும்போது 'கர்கர்' என்று சத்தம் வந்தால், அழுகைச் சத்தம் கரகரத்தால், மூச்சுக்கு நெஞ்சுக்கூடு குழிந்தால், அது சளி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு மிகவும் திணறினால் 999-ஐ அழையுங்கள்.

4. முகத்தில் அல்லது தலையில் பெரிய திட்டு: உள்ளங்கை வைத்தது போல் பரந்து இருந்தால் மூளை இரத்தக் குழாய், இருதயம், கண் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும்.

5. இடுப்புக்குக் கீழே, முதுகுத் தண்டு முடியும் இடத்தில் பெரிய திட்டு: உள்ளே முதுகுத் தண்டில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

6. பேம்பர்ஸ் கட்டும் இடம், கழுத்து மடிப்பு, அக்குள்: ஈரமும் உராய்வும் சேர்ந்து சீக்கிரம் புண்ணாகும். வலி அதிகம்.

7. பெண் குழந்தையின் மார்புக் காம்பைச் சுற்றி: பிற்காலத்தில் மார்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

8. உடம்பில் ஐந்து அல்லது அதற்கு மேல்: எல்லாமே சிறியதாக இருந்தாலும் ஈரலிலும் இருக்கக்கூடும். வயிற்றை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். ஸ்கேனில் வலி இல்லை, ஊசி இல்லை.

இந்த எட்டிலும் சேராமல் கையிலோ காலிலோ வயிற்றிலோ சின்னதாக ஒன்று இருந்தால், பெரும்பாலும் சும்மா இருக்கலாம். ஆனாலும் ஒரு தடவை மிஸ்ஸியிடமோ டாக்டரிடமோ காட்டிவிடுங்கள். "சும்மா விடலாம்" என்பதை அவர்கள் வாயால் கேட்டுக்கொண்டு வருவது நல்லது.

வீட்டில் செய்யக் கூடாதவை, செய்ய வேண்டியவை

சுண்ணாம்பு தடவாதீர்கள். அது இளம் தோலை வெந்துபோகச் செய்யும். சூடு வைக்காதீர்கள். நூலைக் கட்டி இறுக்காதீர்கள். பிளேடால் கீறாதீர்கள். இந்தக் கட்டி முழுக்க இரத்தக் குழாய். கீறினால் இரத்தம் கொட்டும், சீழ் பிடிக்கும். தானே மறைய வேண்டியது ஆயுசுக்கும் தழும்பாகிவிடும். வேரும் இலையும் அரைத்துப் பூசுவதும் வேண்டாம். விபூதி பூச வேண்டும் என்றால் நெற்றியில் பூசுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. கட்டியின் மேல் பூச வேண்டாம்.

தினமும் குளிப்பாட்டலாம். தேய்க்காமல், ஒற்றித் துடைக்க வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவி விடும்போது கட்டியின் மேல் அழுத்தாதீர்கள். குழந்தையின் நகத்தை வெட்டி வையுங்கள். உதட்டிலோ பேம்பர்ஸ் உரசும் இடத்திலோ இருந்தால் மெல்லிசாக வாஸ்லின் தடவி வைக்கலாம். பேம்பர்ஸை அடிக்கடி மாற்றுங்கள்.

நகம் பட்டு இரத்தம் வந்தால் பதற வேண்டாம். சுத்தமான துணியை மடித்து வைத்து, கையால் ஒரே சீராகப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். "நின்னுடுச்சா?" என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மேல் தோல் உடைந்து புண்ணானாலும், நடுவில் கறுத்தாலும், நாற்றம் வந்தாலும், குழந்தை வலியால் தூங்காவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வைத்தியம் என்ன?

முற்காலத்து வைத்தியம் சில சமயம் கட்டியைவிடக் கெடுதலாக இருந்தது. ஸ்வீடன் நாட்டில் 1920-இலிருந்து 1959 வரை ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இந்தக் கட்டிக்காக ரேடியம் கதிர் வைத்தார்கள். தானே மறையக்கூடிய கட்டிக்கு வைத்த கதிரால், அந்தக் குழந்தைகள் பெரியவர்களான பிறகு தைராய்டிலும் மார்பிலும் புற்றுநோய் கூடுதலாக வந்தது என்று பிற்பாடு ஆராய்ந்து கண்டார்கள். அதனால் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது. பிறகு ஸ்டீராய்டு மருந்து வந்தது. அது வேலை செய்தாலும், முகம் வீங்கும், வளர்ச்சி குன்றும்.

2008-ஆம் ஆண்டில் திருப்பம் வந்தது. பிரான்சு நாட்டில் போர்தோ நகரத்தில் லெயோத்தே-லப்ரேஸ் என்ற பெண் டாக்டர், ஒரு குழந்தையின் இருதயக் கோளாறுக்காக புரோப்ரனொலோல் என்ற மருந்து கொடுக்கப்பட்டதும், அந்தக் குழந்தையின் முகத்தில் இருந்த இரத்தக் குழாய்க் கட்டியும் நிறம் மாறி மெலிவதைக் கவனித்தார். வேறு குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் தெரிந்தது. இந்த மருந்து புதிதல்ல. 1960-களில் ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி இருதய நோய்க்காகக் கண்டுபிடித்தது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2015-இல் வெளிவந்த பெரிய சோதனையில், இம்மருந்தை ஆறு மாதம் சாப்பிட்ட 100 குழந்தைகளில் 60 பேருக்குக் கட்டி முழுவதுமாகவோ ஏறத்தாழ முழுவதுமாகவோ மறைந்தது. வெறும் இனிப்புத் தண்ணீர் மாதிரியான போலி மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 4 பேருக்குத்தான் அப்படி ஆனது.

இன்று ஆபத்தான இடத்துக் கட்டிகளுக்கு இதுதான் முதல் வைத்தியம். வாய்வழியாகக் கொடுப்பார்கள். குறைந்தது ஆறு மாதம், பல குழந்தைகளுக்கு ஒரு வயது வரை கொடுக்க வேண்டி இருக்கும். சின்னதாக, மேலோட்டமாக இருக்கும் கட்டிக்கு டிமொலோல் என்ற சொட்டு மருந்தை மேலே தடவச் சொல்வதும் உண்டு. சுருங்கிய பிறகு மிச்சம் இருக்கும் சிவப்பு நரம்புகளுக்கு லேசர், தொங்கும் தோலுக்கு அறுவை வைத்தியம் என்று வழிகள் இருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டில் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ இதே பெயரில் மாத்திரை இருக்கலாம். "அதே மருந்துதானே" என்று உடைத்துக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள்! குழந்தையின் எடையைப் பார்த்து, இருதயத் துடிப்பைச் சோதித்துத்தான் அளவு சொல்வார்கள். அளவு தப்பினால் உயிருக்கே ஆபத்து.

டாக்டர் கொடுத்த மருந்தாக இருந்தாலும் கவனம் வேண்டும். எப்போதும் பால் கொடுக்கும்போதுதான் மருந்து. வெறும் வயிற்றில் கூடாது. இது இரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்துவிடும். குழந்தை பால் குடிக்காத நாளிலும், வாந்தி எடுக்கும் நாளிலும், மூச்சு இழுக்கும் நாளிலும் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கேட்க வேண்டும். இரவில் எத்தனை மணிக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வேர்த்துக் கொட்டி, உடம்பு சில்லிட்டு, துவண்டுபோய் எழுப்பினாலும் எழாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாய் வேலைக்குத் திரும்பிய பின் மருந்து கொடுக்கும் ஆயாவுக்கும் பாட்டிக்கும் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுப் போங்கள்.

98 நாளை வீணாக்காதீர்கள்

தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் பிரசவ லீவு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. 98 நாள் என்றால் 14 வாரம். மேலே சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்: கட்டி வேகமாக வளர்ந்து முடிகிற அந்த மூன்று மாதமும், தாய் குழந்தையோடு வீட்டில் இருக்கிற அதே மூன்று மாதம்தான். காலையில் பெரட்டுக்கு ஓட வேண்டியதில்லை. மண்டோரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. பார்க்கவும் காட்டவும் இதைவிட நல்ல காலம் கிடைக்காது. தகுதி உள்ள தகப்பனுக்கும் இப்போது 7 நாள் லீவு சட்டத்தில் உண்டு.

பிள்ளை பெற்ற முதல் நாட்களில் கிளினிக் மிஸ்ஸி வீடு தேடி வருவார். அவர் வரும்போது குழந்தையின் துணியை அவிழ்த்து முழு உடம்பையும் காட்டுங்கள். அப்போது ஒன்றும் இல்லாமல், பிறகு புள்ளி தோன்றினால், இரண்டாம் மாத ஊசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஊசி நாள் வருவதற்குள் வேகமான வளர்ச்சி நடந்து முடிந்துவிடும். அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். டிரஸ்ஸர் ஐயா இருக்கும் தோட்டமானால் அவரிடமும் காட்டுங்கள்.

போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, வாரம் ஒரு தடவை கட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு இருபது காசு நாணயத்தை வைத்து எடுத்தால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று டாக்டருக்கு ஒரே பார்வையில் தெரியும். இரண்டு, முதலில் பார்த்த தேதியைக் குழந்தையின் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மூன்று, பிறப்புப் பத்திரத்தையும் அந்தப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மலாய் சரளமாக வராத தாய்மார்கள் கூச்சப்பட வேண்டாம். "தண்டா மேரா இனி மாக்கின் பெசார்" என்று சொன்னால் போதும். இந்தச் சிவப்புக் குறி பெரிசாகிக்கிட்டே போகுது என்று மிஸ்ஸிக்குப் புரியும். பட்டியலில் சொன்ன இடமாக இருந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தரும்படி கேளுங்கள். கேட்பது நம் உரிமை. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரிடம் 5 ரிங்கிட். பணத்துக்குப் பயந்து யாரும் நின்றுவிட வேண்டாம். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போக வண்டி இல்லை, லீவு கொடுக்க மறுக்கிறார்கள் என்றால், தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் சங்கத்தின் காரியம்தான்.

ஊர் வாய்க்கு என்ன பதில்?

முகத்தில் கட்டி இருக்கும் பெண் குழந்தையைக் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் தூக்கிப் போகவே சில தாய்மார்கள் கூச்சப்படுகிறார்கள். துண்டால் மூடிக்கொண்டு மூலையில் உட்காருகிறார்கள். "ஐயோ, பொம்பளைப் புள்ளையாச்சே!" என்று யாராவது உச்சுக் கொட்டினால் அன்றிரவு தூக்கம் போய்விடுகிறது.

தாய்மார்களே, மூடி வைக்காதீர்கள். கேட்பவர்களிடம் "இது இரத்தக் குழாய்க் கட்டி, ஒட்டுற வியாதி இல்ல, டாக்டர்கிட்ட காட்டிட்டோம், கொஞ்ச காலத்துல சுருங்கிடும்" என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் லயம் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள். தகப்பன்மார்களே, நீங்களும் பக்கத்தில் நின்று அதையே சொல்லுங்கள். குழந்தைக்கு நினைவு தெரிகிற மூன்று, நாலு வயதில் பெரும்பாலும் கட்டி சுருங்கியிருக்கும். ஆனால் வீட்டில் அதைப் பற்றி எப்படிப் பேசினார்கள் என்பது பிள்ளையின் மனதில் தங்கிவிடும். அவள் காதுபட "அசிங்கம்" என்ற சொல்லைச் சொல்லாதீர்கள்.

பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கு இரண்டே வார்த்தை சொன்னால் போதும்: கட்டியின் மேல் கை வைக்காதே, ஒரு மாதத்துக்குள் டாக்டரிடம் காட்டு. தானாக மறையுமா, மருந்து வேண்டுமா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.